ஜபல் ஷம்ஸில் ஒரு மூடித் தண்ணீர்

என் மேசை இழுப்பறையில், பேனாக்களுக்கும் ஸ்டேப்ளர் முள் பெட்டிக்கும் நடுவே, ஒரு நீல மூடி இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் சாதாரண பிளாஸ்டிக் மூடி. விளிம்பின் வரிகள் மழுங்கிவிட்டன. நிறமும் சற்று வெளுத்துவிட்டது. எதையும் அதனதன் இடத்தில் வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாட்டில் இல்லாத மூடிக்கு இங்கே என்ன வேலை என்று சுத்தம் செய்யும்போது யாராவது கேட்பார்கள் என்று ஆரம்பத்தில் எதிர்பார்த்தேன். ஒருவரும் கேட்டதில்லை. என் மனைவி அதை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுகிறாள். அந்த மூடியில் அவளும் தண்ணீர் குடித்திருக்கிறாள்.

மூடியைத் திறந்து எங்களுக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தவரை நாங்கள் அக்கா என்று அழைத்தோம். யாழ்ப்பாணத்துக்காரர். ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவுக்குப் பின்பக்கம் ஒரு பழைய கட்டடத்தில், இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட்டை அவர்கள் குடும்பமும் எங்கள் குடும்பமும் பங்கிட்டுக்கொண்டு இருந்தோம். ஆளுக்கு ஓர் அறை. சமையலறையும் கூடமும் பொது. வளைகுடாவில் குடும்பத்தோடு வாழ நினைக்கும் நடுத்தரச் சம்பளக்காரர்கள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். அறிமுகமே இல்லாத இன்னொரு குடும்பத்தின் தாளிப்பு வாசனையும் அலாரச் சத்தமும் கொஞ்ச நாளில் நம்முடையவையாகிவிடும். நான் தென்காசிப் பக்கம். ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஆவணங்களை வரிசைப்படுத்திப் பாதுகாக்கிற வேலை. மனைவி ஒரு கிளினிக்கில் வரவேற்பாளர். வீடு திரும்ப மாலை மங்கிவிடும். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் அவளைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்து வந்து, சீருடை மாற்றி, சோறு ஊட்டி, எங்களில் ஒருவர் வரும்வரை வைத்திருந்தவர் அக்காதான். அவர் வீட்டிலிருந்தபடியே கட்லட்டும் ரோல்ஸும் செய்து ஆர்டருக்குக் கொடுத்துவந்தார். எங்கள் மகள் பிரெட் தூளில் கட்லட் உருட்டக் கற்றுக்கொண்ட பிறகே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள்.

அக்காவின் கணவரை அவர் அழைப்பதுபோலவே நாங்களும் அண்ணை என்போம் என்று சொன்னால் தவறு. அக்கா அவரை "இஞ்சருங்கோ" என்றுதான் அழைப்பார். அண்ணை என்பது நாங்கள் வைத்துக்கொண்டது. அபுதாபிப் பக்கம் முசஃபாவில் வால்வுகள் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றில் மேற்பார்வையாளர். வாரம் முழுவதும் அங்கே கம்பெனி அறை. வியாழன் மாலை ஷார்ஜாவுக்கு வருவார். அப்போது வார விடுமுறை வெள்ளியும் சனியும். அவர்களுடைய ஒரே மகன் அடுத்த ஆண்டு பெரிய பரீட்சை எழுத வேண்டியவன். எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு கணக்குப் போடுவான்.

பங்கு வீட்டில் சண்டை வருவது பெரிய விஷயங்களால் அல்ல. குப்பைப் பை யார் கட்டுவது, கேஸ் சிலிண்டருக்கு யார் ஃபோன் செய்வது, இவைதான் மனிதர்களைப் பிரிக்கும். அதனால் குடிவந்த முதல் வாரத்திலேயே நான் ஒரு அட்டவணை எழுதிக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டினேன். ஒரு வாரம் அவர்கள் முறை, ஒரு வாரம் எங்கள் முறை. வெள்ளிக்கிழமை காலை முறை மாறும். கடைக்கு ஃபோன் செய்து பெரிய தண்ணீர் கேன்களை வரவழைப்பது, பாட்டில்களை நிரப்பி உள்ளே வைப்பது, இரு குடும்பமும் சேர்ந்து வெளியே போனால் குடிதண்ணீர் எடுத்துக்கொள்வது, எல்லாம் அந்த வாரத்து முறைக்காரர் பொறுப்பு. அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கனவு காணுறதுக்கும் முறை போட்டிருக்கிறியளோ?" என்று கேட்டார். ஆனால் ஒரு நாளும் முறை தவறியதில்லை. தண்ணீர் விஷயத்தில் அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கீழே குரோசரிக்குப் போனாலும் சரி, கைப்பைக்குள் ஒரு சின்னப் பாட்டில் தண்ணீர் இருக்கும். "லிஃப்ட்டுல தாகம் எடுத்துருமாக்கா?" என்று என் மனைவி கேலி செய்வாள். "லிஃப்ட் நிண்டால் தெரியும் உமக்கு" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒரு நவம்பர் மாதத்தில் அண்ணைக்கு யான்புவுக்கு மாற்றல் வந்தது. சவூதியின் செங்கடல் கரையில், சுத்திகரிப்பு ஆலைகள் நிறைந்த ஊர். நல்ல சம்பளம், கம்பெனியே குடும்பத்துக்கு வீடு தரும் என்றார்கள். முசஃபாபோல வியாழக்கிழமைதோறும் வந்துபோகிற தொலைவு அல்ல. அண்ணை அதைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். நாங்கள் வாழ்த்துச் சொன்னோம். என் மனைவி உள்ளே போய் ரவா கேசரி கிளறினாள். அன்று இரவு எங்கள் அறையில் அவள் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். அக்கா போனால் பள்ளி விட்டு வரும் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. முன்பின் தெரியாத இன்னொரு குடும்பத்திடம் பெண் குழந்தையை ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போக அவளுக்கு மனம் வராது. வேலையை விட்டால் என் ஒரு சம்பளத்தில் அறை வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஓடாது. இங்கே எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான் எங்களுக்கும் நடக்கும்: அவளும் குழந்தையும் ஊருக்கு, நான் பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் இடத்துக்கு. டிசம்பர் கடைசியில் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து, தென்காசியில் ஒரு பள்ளியில் இடம் கேட்டு அவள் அப்பாவிடம் சொல்லியும் விட்டோம்.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது, போகாதீர்கள் என்று கேட்பதாகிவிடும். கணவனோடு சேர்ந்து வாழக் கிடைத்த ஒரு வாய்ப்பை எங்கள் குழந்தைக்காக விடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அக்காவும் எதையும் கேட்கவில்லை. நீங்கள் இந்த வீட்டை என்ன செய்யப்போகிறீர்கள் என்றுகூட. சமையலறையில் அக்காவும் என் மனைவியும் அருகருகே நின்று, தக்காளி விலையைப் பற்றியும் மகளின் ஆடும் பல்லைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். அத்தனை நாள் இல்லாத மரியாதை அந்தச் சமையலறைக்குள் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நாட்களில் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. ரோலாவில் பணம் அனுப்பும் கடையொன்றில் கொடுத்தது. டிசம்பர் மாதப் படம் ஓமான் மலை ஒன்றின் செங்குத்தான பாறை முகம். அதன் நடுவில், பாறை குடைபோலக் கவிந்த இடத்தில், குருவிக்கூடுகள்போலக் கல்வீடுகள். கீழே அதலபாதாளம். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, பிறகு விட்டுப்போன ஊர் என்று கீழே எழுதியிருந்தது. அக்கா மிளகாய் கிள்ளிக்கொண்டே அதைப் பார்ப்பார். ஒரு நாள், "போகமுன்னம் இதை ஒருக்காப் பாத்திட்டுப் போவமே" என்றார். போகமுன்னம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதலில் கேட்டோம். மறுக்க முடியுமா? ஏழு பேர் அமரும் ஒரு நாலுசக்கர இழுவை வண்டியை வாடகைக்கு எடுத்தோம். வியாழன் மாலை கிளம்பி அல் ஐன் வழியாக எல்லை தாண்டி, இரவு இப்ரியில் ஒரு மலிவான விடுதியில் தங்கி, வெள்ளி விடியலில் ஜபல் ஷம்ஸுக்கு ஏறுவது என்று திட்டம். ஷம்ஸ் என்றால் சூரியன். அண்ணைதான் ஓட்டினார்.

மலைப்பாதையின் கடைசிப் பகுதி அப்போது தார் போடாதது. உச்சிக்கு அருகில் தரை சட்டென்று முடிந்து, எதிரே ஒரு மாபெரும் பிளவு திறந்தது. அடியில் தெரிந்த பேரீச்சந்தோப்பு கறிவேப்பிலை இணுக்குபோலச் சிறுத்திருந்தது. வண்டி நின்ற இடத்தில் ஒரு ஓமானியக் குடும்பம், ஆட்டு ரோமத்தில் நெய்த சிவப்பும் கறுப்புமான விரிப்புகளைத் தங்கள் வீட்டுக் கம்பிவேலியில் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தது. காற்று குளிர்ந்தது; மகள் ஸ்வெட்டரோடு நடுங்கினாள். அண்ணை ஒரு முதுகுப்பையும் நான் ஒரு முதுகுப்பையும் மாட்டிக்கொண்டோம். இரண்டுமே தோளை இழுத்தன. நடக்கத் தொடங்கினோம்.

பாதை பிளவின் சுவரை ஒட்டியே போகிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை. அகலம் போதுமானதுதான்; ஆனாலும் நான் மகளைப் பாறைப்பக்கம் நடத்தி, அவள் மணிக்கட்டை விடவேயில்லை. தின்ன ஏதாவது கிடைக்கும் என்று இரண்டு ஆடுகள் பின்னாலேயே வந்தன. எங்களுக்குக் கீழே ஒரு கழுகு வட்டமிட்டது. கழுகின் முதுகை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். வெயில் ஏற ஏற ஸ்வெட்டர்கள் இடுப்புக்கு வந்தன. அக்கா கைப்பையை மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு, புடவைக்கடைக்குப் போகிறவரைப்போல நிதானமாக நடந்தார். அவருக்கு முன்னால் என் மனைவி. இருவருக்கும் நடுவே எப்போதும் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி இருந்தது.

ஒரு வளைவு திரும்பியதும் ஊர் வந்துவிட்டது. முதலில் வயல்கள்: கையகலப் பாத்திகள், படிகளாக இறங்கி, விளிம்பில் சட்டென்று முடிந்தன. மண் கெட்டியாகக் காய்ந்திருந்தது. அப்புறம் வீடுகள். பாறைதான் கூரை, பாறைதான் பின்சுவர். முன்பக்கத்துக்கு மட்டும் கல்லடுக்கி மண் பூசியிருந்தார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். ஓர் அறையின் பக்கச்சுவரே அடுத்த அறைக்கும் சுவர். உள்ளே இருட்டுக்குக் கண் பழகியதும், மண் பூச்சில் அழுத்திய விரல்களின் தடங்கள் தெரிந்தன. சின்னச் சின்ன மாடங்கள். ஒன்றில் புகைக் கரி அப்படியே இருந்தது. நான் வழக்கம்போலக் கையை விரித்து அகலம் பார்த்தேன். எங்கள் அறைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அண்ணை ஒரு வாசலில் நின்று வெளியே எட்டிப்பார்த்தார். "பால்கனி வியூ நல்லாக் கிடக்கு. பார்க்கிங்தான் இல்லை."

"ஏங்க, இதுல எத்தன ஃபேமிலி ஷேரிங்கு?" என்றாள் என் மனைவி.

"தம்பியிட்டக் கேளும், அட்டவணை எங்கையாவது ஒட்டியிருக்கோ எண்டு" என்றார் அக்கா.

வாரக்கணக்கில் கேட்காத சிரிப்பு அது. அந்த வீடுகளில் இருந்தவர்களும் ஒருவர் தும்மினால் மற்றவர் அறைக்குக் கேட்கிற தூரத்தில் வாழ்ந்தவர்கள்தான். வெளியே ஓடிப்போக இடமில்லாத ஊர். முன்வாசலில் கோபித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தால் பாதாளம். எத்தனை பேச்சுகளை அவர்கள் அந்த இடுக்குக்குள்ளேயே பேசித் தீர்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பசித்தது. ஒரு பாறை நிழலில் பாயை விரித்தோம். என் பையிலிருந்து புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் வந்தன. அண்ணையின் பையிலிருந்து மீன் கட்லட், இடித்த தேங்காய்ச் சம்பல் தடவிய பாண் ரொட்டி, கூடவே ஒரு சின்ன கேஸ் அடுப்பு, தேயிலைத் தூள், பால்மா, சீனி, ஒரு கேத்தல். மலையில் வைத்துத் தேநீர் போட்டுத் தரப்போவதாக அண்ணை வழியெல்லாம் பெருமை பேசியிருந்தார். எல்லோரும் கொஞ்சம் சாப்பிட்டோம். புளியும் உறைப்பும் நாக்கில் ஏறின. மகள்தான் முதலில் கேட்டாள்: "அப்பா, வாட்டர்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை என்னைப் பார்த்தார்.

"தண்ணி உங்கட பையிலதானே?"

"இல்லண்ணை, உங்க பையிலன்னு..."

என் மனைவி எழுந்தே விட்டாள். "இன்னிக்கு வெள்ளிக்கிழமல்லா? உங்க முறைல்லாக்கா. நான் நேத்துக்கு உள்ளத நேத்தே நெறச்சு எடுத்துட்டு வந்தேனே. வண்டியிலயே குடிச்சு முடிச்சாச்சு."

"வெளிக்கிட்டது வியாழக்கிழமை, பிள்ளை. வெளிக்கிட்ட நாளின்ர முறையாக்கள்தானே பயணத்துக்கு எடுக்கிறது எண்டு நான் நினைச்சன்."

இரண்டும் சரி. அட்டவணையில் இரண்டு நாளுக்குக் குறுக்கே விழும் பயணத்தைப் பற்றி நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒருவர் முறையில் மற்றவர் தலையிடக்கூடாது என்ற ஒழுங்கை மட்டும் எல்லோரும் அத்தனை கவனமாகக் கடைப்பிடித்திருந்தோம். வழியில் எத்தனை பெட்ரோல் பங்குக் கடைகள்! இருவருமே இறங்கி, பிஸ்கட் வாங்கினார்கள். மற்றவரின் முறையை அவமதிக்காமல் தண்ணீரை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். தேநீர் போட எல்லாம் இருந்தது, தண்ணீரைத் தவிர. அக்கா முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு தோள்கள் குலுங்கின. "தம்பியின்ர அட்டவணைப்படி இண்டைக்கு ஒருத்தரும் தண்ணி குடிக்கேலாது" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மகனும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். நாக்கு வறண்டிருக்கும்போது சிரித்தால் தொண்டை வலிக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

ஊருக்கு மேலே பாறைக்கடியில் ஒரு சுனை இருப்பதாக நாட்காட்டிப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது அண்ணைக்கு நினைவிருந்தது. கேத்தலோடு ஏறிப்போனார். வெறுங்கையாக இறங்கி வந்தார். தண்ணீர் இருக்கிறது, பச்சையாக இருக்கிறது, ஆடுகள் அதற்குள்ளேயே நிற்கின்றன என்றார். மகள் அழத் தொடங்கியிருந்தாள். அழுகையில் பிடிவாதம் இல்லை, களைப்புதான். வந்த தூரம் அத்தனையும் திரும்பி நடக்க வேண்டும். வெயில் இப்போது பாதையின் பக்கம் வந்துவிட்டது. பாதையில் வேறு ஆட்கள் யாரையும் காணோம்.

அக்கா கைப்பையைத் திறந்து அந்தச் சின்னப் பாட்டிலை எடுத்தார். ஒன்றிரண்டு வாய்தான் குறைந்திருந்தது. என் மனைவி கையை நீட்டினாள், குழந்தைக்குக் கொடுக்க. அக்கா கொடுக்கவில்லை. மூடியைத் திருகி எடுத்து, அதில் தண்ணீரை ஊற்றி, மகளின் வாயருகே கொண்டுபோனார். "விழுங்கப்படாது குஞ்சு. வாயுக்குள்ள வச்சிரு. எண்ணிக்கொண்டு இரு. பிறகு விழுங்கு." அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி எண்ணினாள். அடுத்த மூடி மகனுக்கு. அடுத்தது என் மனைவிக்கு. அவள் தயங்கினாள். "எல்லாருக்கும்தான்" என்றார் அக்கா. "பிள்ளையளுக்கு மட்டும் குடுத்திட்டு நாங்கள் விழுந்தால், பிள்ளையளை ஆர் தூக்குறது? நாங்கள் இடம்பெயர்ந்து நடக்கேக்க அம்மா இப்பிடித்தான் தந்தவ. ஒரு போத்தல், ஒரு மூடி. வழியில வந்த ஆக்களுக்கும்." அந்தப் பாட்டிலைப் பற்றி நாங்கள் கேட்ட முதலும் கடைசியுமான விளக்கம் அதுதான். லிஃப்ட் கேலி எனக்கு நினைவு வந்தது. மனைவிக்கும் வந்திருக்க வேண்டும். மூடியை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள்.

எனக்கும் ஒரு மூடி. அண்ணைக்கு ஒரு மூடி. கடைசியாகத் தனக்கு ஊற்றிக் குடித்துவிட்டு, மூடியை இறுகத் திருகினார் அக்கா. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பிளவைப் பார்த்தபடி இருந்தார். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீர் கேக்கமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும். ஒரு மாசமாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். அதால நான் கேக்கிறன். மகன்ர சோதினை முடியுமட்டும் நான் இஞ்ச நிக்கப்போறன். அங்க கொண்டுபோய்ப் புதுப் பள்ளிக்கூடத்தில விட்டால் அவன் குழம்பிப்போவான். ஆனால் தனிய ஒரு வீடு எடுத்து என்னால நிக்கேலாது. நீங்கள் அந்த வீட்டை விடாமல் வச்சிருப்பியளோ? எனக்கு அந்த ஒரு அறை காணும்."

என் மனைவி அக்காவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அக்காவே தொடர்ந்தார். "நீங்கள் விட்டுட்டுப் போகப்போறியள் எண்டு நான் நினைச்சன். உங்கட அப்பாவோட போனில கதைக்கேக்க பள்ளிக்கூடம் எண்டு காதில விழுந்தது. உங்களுக்கு ஊரோட போக விருப்பமாக்கும், நான் ஏன் மறிப்பான் எண்டு சும்மா இருந்திட்டன்."

"போக விருப்பமா?" என்றாள் என் மனைவி. "நீங்க போறீங்கன்னுல்லாக்கா நாங்க போறோம்!" சொல்லிவிட்டு அப்படியே அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். "அழாதையும். தண்ணி வீணாப்போகுது" என்றார் அக்கா. அழுகைக்கு நடுவே அவள் சிரித்தாள். தண்ணீர்போலத்தான் இதுவும். அவர்கள் முறை என்று நாங்களும், எங்கள் முறை என்று அவர்களும் ஒரு மாதமாகக் காத்திருந்திருக்கிறோம்.

அண்ணை காலி கேத்தலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எனக்கு ஆர் சோறு தாறது?" என்று கேட்டார். கேலிபோலத்தான் கேட்டார், முழுக்கக் கேலியில்லை.

"மெஸ் நல்லம் எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

"அது உமக்குச் சொன்ன கதை."

"ஒரு வருசம்தானே. லீவுக்கு நாங்கள் வருவம். முசஃபாவிலயும் மெஸ்தானே சாப்பிட்டனீங்கள்?"

அண்ணை எழுந்தார். பாயைச் சுருட்டினார். அடுப்பையும் சீனியையும் பையில் அடுக்கினார். பிறகு என்னிடம், "எழும்பும் தம்பி, யல்லா. இருந்தால் இன்னும் விடாய்க்கும்" என்றார்.

திரும்பிய நடையை என்னால் இப்போதும் வளைவு வளைவாகச் சொல்ல முடியும். ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா நின்றார். நாங்கள் வரிசையாக நின்றோம். சின்னவளிலிருந்து தொடங்கி ஆளுக்கு ஒரு மூடி, கடைசியில் அவர். யாருக்கும் கூடவில்லை, யாருக்கும் குறையவில்லை. மூடியை வாங்கும்போது விரல் நடுங்கினால் ஒரு துளி சிந்திவிடும் என்பதால், ஒருவர் குடிக்கும்போது அடுத்தவர் கீழே உள்ளங்கையை ஏந்தினோம். மகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அடுத்த வளைவு எங்கே என்று தேடிக்கொண்டே, தூக்கச் சொல்லாமல் நடந்தாள். கடைசித் திருப்பத்தில் பாட்டில் முடியும் நிலை. அண்ணை தன் முறைக்கு வந்த மூடியை வாங்கி, வாய்க்குக் கொண்டுபோகாமல் குனிந்து என் மகளிடம் கொடுத்தார். "எனக்கு விடாயில்லை" என்றார். உதடு வெடித்திருந்தது. யான்புவில் அவர் ஒரு வருடம் தனியாகச் சாப்பிடப்போகும் சோற்றுக்கான சம்மதம் அந்த மூடியில் இருந்தது. நான் அவருக்கு நன்றி சொல்ல நினைத்தேன். எங்களுக்குள் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. அவர் முதுகுப்பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

விரிப்பு விற்றுக்கொண்டிருந்த பெரியவர் நாங்கள் வந்த கோலத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். "மாய் மாஃபி?", தண்ணீர் இல்லையா என்று கேட்டார். "மாஃபி, பாபா" என்று அண்ணை காலி பாட்டிலைக் காட்டினார். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே குரல் கொடுக்க, வீட்டுப் பெண்கள் ஒரு பெரிய எஃகுக் கூஜா நிறையத் தண்ணீரும் ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தார்கள். குடித்தோம். குடித்துக்கொண்டேயிருந்தோம். அதன் பிறகு அண்ணை அந்த முற்றத்திலேயே அடுப்பைப் பற்றவைத்து எல்லோருக்கும் தேநீர் போட்டார், பெரியவருக்கும் சேர்த்து. அக்கா காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் போட்டபோது மூடி தரையில் விழுந்து உருண்டது. எடுத்துப் போடத்தான் குனிந்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நாள்தோறும் எழுதுகிற என் நாட்குறிப்பில் அந்த வெள்ளிக்கிழமைக்குச் சில வரிகள்தான் இருக்கின்றன. மலைக்குப் போனோம், தண்ணீர் மறந்தோம், அக்கா இருக்கிறார். அந்தக் கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

அக்கா அந்த ஆண்டு முழுவதும் இருந்தார். மகன் பரீட்சையில் நன்றாகத் தேறினான். அந்த ஆண்டில்தான் எங்கள் கட்டடத்திலேயே கீழ்மாடியில் என் மனைவிக்கு நம்பிக்கையான ஒரு குடும்பம் அமைந்தது. அதையும் தேடிப்பிடித்து, மகளை அவர்களோடு பழக்கிவிட்டுத்தான் அக்கா யான்புவுக்கு விமானம் ஏறினார். அப்போது என் மனைவி சம்பளத்தில் ஒரு படி உயர்ந்திருந்தாள். நாங்கள் சமாளித்துக்கொண்டோம். ஒரு குடும்பமாகவே இங்கே இருந்துவிட்டோம். இதில் எங்கள் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. ஒரு பாறை நிழலில் ஒருவர் தன் வீம்பை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் வாயைத் திறந்தார், அவ்வளவுதான். அட்டவணையை நான் கிழிக்கவில்லை. ஒழுங்கு எனக்கு வேண்டும். ஆனால் அதன் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: சந்தேகம் இருந்தால் இருவரும் எடுத்துக்கொள்ளவும்.

இந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் போனோம். நாங்கள் மூவர் மட்டும். அக்காவும் அண்ணையும் இன்னும் யான்புவில்தான் இருக்கிறார்கள். மகள் இப்போது என் தோளுக்கு மேல் உயர்ந்துவிட்டாள். தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிக்கிறாள். பாதை நன்றாக மிதிபட்டிருக்கிறது, வழிகாட்டும் வண்ணக்குறிகள் பளிச்சென்று தெரிகின்றன, வெவ்வேறு மொழி பேசுகிறவர்கள் எதிரே வருகிறார்கள். வீடுகள் அப்படியே இருந்தன. நாங்கள் பாய் விரித்த நிழலை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு பையில் தண்ணீர், சந்தேகத்துக்கு இன்னொன்று. நிழலில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினோம். திரும்பும் வழியில் சிக்னல் கிடைத்த ஒரு மேட்டில் அவருடைய பதில் குரலாக வந்தது: "வடிவா இருக்கு. குஞ்சு நல்லா வளந்திட்டாள். தம்பி, இந்த முறை தண்ணி ஆர் கொண்டு வந்தது?" பின்னால் அண்ணை ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

மகள் அதை இரண்டு முறை போட்டுக் கேட்டாள். "அம்மா, வாட்டர்" என்றாள். என் மனைவி பைக்குள் கையை விட்டு முழு பாட்டில் ஒன்றை எடுத்தாள். மூடியைத் திருகினாள். பாட்டிலை நீட்டாமல், மூடியில் ஊற்றி நீட்டினாள். தெரிந்து செய்தாளா என்று எனக்குத் தெரியாது. மகள் அதை வாங்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி எண்ணினாள். விழுங்கிவிட்டு மூடியை என்னிடம் கொடுத்தாள். நான் நீட்டிப் பிடித்திருக்க, மனைவி ஊற்றினாள்; மகள் தன் உள்ளங்கையை அதற்குக் கீழே ஏந்தினாள்.